லக்சரில் ஒரு நாள்: டிக்கெட் கவுன்டரிலேயே கோட்டைவிடும் கல்லறைகள்

பண்டைய எகிப்திய அரசர்களின் கல்லறைகள் உள்ள மன்னர்களின் பள்ளத்தாக்கு வாசலில் காலை ஒன்பது மணிக்கு நின்று பார்த்தால், குழுவுக்குக் குழு ஒரே தவறு நடப்பது தெரியும். கடல் தாண்டி எகிப்துக்கு வந்து, நைலைக் கடந்து மேற்குக்கரைக்கும் வந்துவிட்டு, டிக்கெட் ஜன்னல் முன் தடுமாறிப் போகிறார்கள். தொப்பி, தண்ணீர், பழகிய ஷூ எல்லாம் எந்த டூர் தாளிலும் அச்சாகியிருக்கும். அந்தத் தாளில் இல்லாதவற்றை மட்டும் பார்ப்போம்.

மூன்று கல்லறைகளைக் கால் போன போக்கில் தேர்ந்தெடுப்பது

பொது டிக்கெட் ஒன்றுக்கு மூன்று கல்லறைகள். பள்ளத்தாக்கில் எண்ணிடப்பட்டவை அறுபதுக்கும் மேல்; 'கே.வி.' (Kings' Valley) என்பது அந்த எண். ஆனால் பராமரிப்புக்காக மாற்றி மாற்றி மூடுவதால், ஒரு நாளில் பொது டிக்கெட்டுக்குத் திறந்திருப்பவை பத்துக்கு முன்பின்தான் இருக்கும். துட்டன்காமன் (கே.வி. 62), முதலாம் சேத்தி (கே.வி. 17), ஐந்தாம் ஆறாம் ராம்சேஸ் (கே.வி. 9) ஆகியவற்றுக்குத் தனித்தனி டிக்கெட். இந்தத் தனி டிக்கெட்டுகள் முன்வாசல் கட்டடத்தில்தான் கிடைக்கும், கல்லறை வாசலில் கிடையாது. மின்வண்டி ஏறி உள்ளே போனபிறகு ஆசை வந்தால், திரும்பி வந்து வரிசையில் நிற்க வேண்டும். குழுவோடு வந்தவருக்கு அந்த நேரம் கிடைக்காது.

கவுன்டர் முன் கைடு அவசரமாகக் கேட்பார்: "துட்டன்காமன் யாருக்கு வேண்டும்?" தெரிந்த பெயர் அது ஒன்றுதான் என்பதால் எல்லாக் கைகளும் உயரும். 1922 நவம்பரில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த புகழ்பெற்ற கல்லறைதான். ஆனால் அது அரசனுக்கென்று திட்டமிட்டு வெட்டியது போலத் தெரியாத, நான்கே சிறு அறைகள் கொண்ட குழி. ஓவியம் இருப்பது ஓர் அறையில் மட்டும். தங்க முகமூடியும் மற்றச் செல்வங்களும் இப்போது கீசாவில், பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கே மிச்சம் இருப்பது கண்ணாடிப் பேழைக்குள் அந்த இளம் மன்னனின் உடல். அதைப் பார்க்கத்தான் போகிறோம் என்று தெரிந்து போனால் நல்லது. தங்கத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்து "இவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள். அதே பணத்தைப் பக்கத்திலேயே இருக்கும் கே.வி. 9-க்குக் கொடுத்திருந்தால், அறை நீளத்துக்கும் உடலை நீட்டி, மாலையில் சூரியனை விழுங்கிக் காலையில் ஈன்றெடுக்கும் நூத் என்ற வானத் தெய்வத்தைக் கூரையில் இருமுறை பார்த்திருப்பார்கள். துட்டன்காமன் வாசலை மூடி மறைத்ததே கே.வி. 9 வெட்டிய காலத்துத் தொழிலாளர் குடிசைகளும் கற்குப்பையும்தான். அதனால்தான் பின்னாளைய திருடர் கண்ணில் அது படாமல் தப்பியது.

தனி டிக்கெட்டில் ஏமாந்தது பாதி என்றால், பொது டிக்கெட்டில் ஏமாறுவது மீதி. வண்டியை விட்டு இறங்கியதும் கண்ணில் படும் முதல் கதவுகளுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். நான்காம் ராம்சேஸ் (கே.வி. 2), ஏழாம் ராம்சேஸ் (கே.வி. 1), ஒன்பதாம் ராம்சேஸ் (கே.வி. 6) எல்லாம் வாசல் பக்கம். மூன்றும் 20-ஆம் வம்சம். மூன்றும் அதிகச் சரிவில்லாமல் நேராக ஓடும் அகலமான தாழ்வாரம். ஒவ்வொன்றும் அழகுதான். ஆனால் மூன்றையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, ஐந்நூறு ஆண்டு வரலாற்றில் கடைசிப் பக்கம் மட்டுமே கிடைக்கிறது. ஒவ்வொரு வாசலிலும் காவலர் டிக்கெட்டில் ஒன்றைக் கழித்துவிடுவார். மூன்றும் போன பிறகு, பள்ளத்தாக்கின் மேல்கோடியில் கூட்டமே இல்லாமல் ஒரு கதவு திறந்திருக்கும். வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இத்தனை தூரம் வந்தவருக்கு இது நேரவே கூடாது.

காலத்துக்கு ஒன்றாக எடுங்கள். 18-ஆம் வம்சத்தில் மூன்றாம் துட்மோஸ் (கே.வி. 34) திறந்திருந்தால் அதுவே முதல். பாறைப் பிளவில் இரும்புப் படி ஏறி, பிறகு செங்குத்தாக இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். கீழே, மன்னன் பெயரைச் சுற்றி வரையும் நீள்வட்ட வடிவிலேயே சவ அறை வெட்டப்பட்டிருக்கிறது. சுவரில் பாப்பிரஸ் சுருளை விரித்து ஒட்டியதுபோல் கோட்டோவியங்கள். 19-ஆம் வம்சத்துக்கு மெரென்ப்தா (கே.வி. 8): உள்ளே போன கல் சவப்பெட்டி அவ்வளவு பெரியது என்பதால் வாசல் நிலைகளையே வெட்ட வேண்டி வந்தது. 20-ஆம் வம்சத்துக்கு மூன்றாம் ராம்சேஸ் (கே.வி. 11). வெட்டிக்கொண்டே போனவர்கள் பக்கத்துக் கல்லறையின் கூரையில் இடித்துவிட்டு, தாழ்வாரத்தை வலப்புறம் நகர்த்தி வேலையைத் தொடர்ந்த இடம் கண்ணால் பார்க்கத் தெரியும். முன்தாழ்வாரத்துப் பக்க அறைகளில் ரொட்டி சுடுபவர்களும் யாழிசைக் கலைஞர்களும் இருக்கிறார்கள்.

இவற்றில் ஒன்று மூடியிருந்தால் மேல்கோடிக்கு நடந்து கே.வி. 14 போகலாம். பாரோவாகவே ஆண்ட தவுஸ்ரெத் என்ற பெண்ணின் கல்லறை அது. அடுத்து வந்த செத்நக்த் அதை எடுத்துக்கொண்டு, அவள் உருவங்களைச் சுண்ணம் பூசி மறைத்துத் தன்னை வரைந்துகொண்டான். பூச்சு உதிர்ந்த இடங்களில் அவள் மறுபடி தெரிகிறாள்.

செலவு செய்ய மனமிருந்தால் முதலாம் சேத்தி. டிக்கெட் விலை பொது டிக்கெட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். 1817-இல் இத்தாலியரான பெல்சோனி கண்டெடுத்தது. சுமார் 137 மீட்டர் நீளம். வாசலிலிருந்து சவ அறை வரை முழுக்கச் செதுக்கி வண்ணமிட்ட முதல் அரச கல்லறை இதுதான். சவப்பெட்டி லண்டனில் இருக்கிறது, ஆனால் கூரையின் விண்மீன் வரைபடத்தை யாராலும் கொண்டுபோக முடியவில்லை.

ஆகவே முந்தைய இரவே கைடிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நாளை எவை திறந்திருக்கும்? பள்ளத்தாக்கில் எவ்வளவு நேரம்? ஒன்றரை மணி நேரம் என்று பதில் வந்தால் இரண்டரை கேளுங்கள். நுழைவுக் கட்டடத்தின் நடுவில் பள்ளத்தாக்கின் கண்ணாடி போன்ற மாதிரி ஒன்று இருக்கிறது. எந்தக் கல்லறை எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை அதன் அடியில் குனிந்தால் பார்க்கலாம். அங்கே முடிவெடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போங்கள். உள்ளே போனதும் தூரத்துக் கல்லறையை முதலில் பார்த்து, வாசலை நோக்கித் திரும்பி வாருங்கள்.

கைடு உள்ளே வந்து விளக்குவார் என்று நம்புவது

கல்லறைக்குள் கைடுகள் விளக்கம் சொல்ல அனுமதி இல்லை. கூட்டம் நின்றுவிட்டால் மூச்சுக்காற்றின் ஈரம் ஏறும். ஈரம் பாறைக்குள் இருக்கும் உப்பைக் கிளப்பி வண்ணப்பூச்சை உதிர்க்கும். எனவே வெளியே நிழலில் கைடு பேசும்போது போட்டோ எடுக்கப் போகாதீர்கள். "இந்தக் கல்லறையில் எந்தச் சுவரில் எதைப் பார்க்க வேண்டும்?" என்று குறிப்பாகக் கேட்டு வாங்குங்கள். வாசல் மேற்கட்டையில் வட்டத்துக்குள் வண்டும் ஆட்டுத்தலை மனிதனும் தெரிந்தால், காலைச் சூரியனும் மாலைச் சூரியனும் அவை. பெரும்பாலான ராம்சேஸ் கல்லறைகளின் கதையும் அங்கேயே தொடங்குகிறது.

பூமிக்கடியில் குளுகுளுவென்று இருக்கும் என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். இருக்காது. ஆழமான கல்லறைகளில் புழுக்கம் மூச்சை அடைக்கும்.

பிளாஷ்

வேண்டவே வேண்டாம்.

மெதினத் ஹாபு வாசலில் போய் டிக்கெட் கேட்பது

மன்னர்களின் பள்ளத்தாக்குக்கும் ஹாட்ஷெப்சுட் கோயிலுக்கும் அந்தந்த இடத்திலேயே டிக்கெட் உண்டு. ஆனால் மெதினத் ஹாபு (மூன்றாம் ராம்சேஸின் கோயில்), ராமேசியம் (இரண்டாம் ராம்சேஸின் கோயில்), தெயிர் எல் மெதினா (கல்லறைத் தொழிலாளர்களின் ஊர்) ஆகியவற்றுக்கு மெம்னோன் சிலைகளைத் தாண்டியதும் வரும் பொது டிக்கெட் அலுவலகத்தில் வாங்க வேண்டும். இது தெரியாமல் நேரே போனால் திருப்பி அனுப்புவார்கள். பெரிய கவுன்டர்களில் ரொக்கம் வாங்குவதில்லை. இந்திய கார்டு என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலிருந்து கிளம்பும்போதே திறந்துவைத்துவிடுங்கள்.

மெதினத் ஹாபுவைப் பல ஒருநாள் டூர்கள் விட்டுவிடுகின்றன. மேற்குக்கரையில் ஒரே ஒரு கோயில் கூடுதலாகப் பார்க்க முடியும் என்றால் இதையே பாருங்கள். நேராக உள்முற்றம் போய்த் திரும்பிவிடாமல் வடக்கு வெளிச்சுவருக்குச் சுற்றிப் போக வேண்டும். 'கடல் மக்கள்' எனப்படும், கடல்வழி படையெடுத்தவர்களோடு மூன்றாம் ராம்சேஸ் நடத்திய கப்பல் போர் அங்கேதான் இருக்கிறது.

மெம்னோன் சிலைகள்

பத்து நிமிடம் போதும்.

அலபாஸ்டர் 'தொழிற்சாலை'

வாசலில் இரண்டு பேர் அலபாஸ்டர் என்ற வெளிர் கல்லைத் தேய்த்துக் காட்டுவார்கள். உள்ளே விற்பது பெரும்பாலும் இயந்திரத்தில் கடைந்தது. ஒரு நிறுத்தம் முக்கால் மணி நேரத்தைத் தின்னும். அந்த முக்கால் மணியில் தெயிர் எல் மெதினா முடிந்திருக்கும். அரச கல்லறைகளை வெட்டிய தொழிலாளர்கள் தங்களுக்கு வரைந்துகொண்ட, சின்னஞ்சிறு, வண்ணம் மங்காத கல்லறைகள் அங்கே உள்ளன. முன்பணம் கட்டும்போதே "எத்தனை கடை நிறுத்தம்?" என்று எழுத்தில் கேளுங்கள். 'ஒன்றும் வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

சில்லறை

பத்து, இருபது எகிப்திய பவுண்டு தாள்கள் தனிப் பையில்.

இரண்டு கரையையும் தலைகீழாகப் பார்ப்பது

காலை கிழக்குக்கரையில் கர்னக் கோயில், நண்பகல் மேற்குக்கரையில் பள்ளத்தாக்கு என்று திட்டம் வந்தால் மாற்றச் சொல்லுங்கள். பள்ளத்தாக்கு ஆறு மணிக்கே திறக்கும். செங்கடல் கரை ஊரான ஹுர்காடாவிலிருந்து நான்கு மணி நேரம் ஓடிவரும் பேருந்துகள் வந்து சேருமுன் மேல்கோடிக் கல்லறைகளை முடித்துவிடலாம். நீங்களே ஹுர்காடாவிலிருந்து வருபவர் என்றால், ஓர் இரவு லக்சரில் தங்குங்கள். அதற்கு மாற்று வழி இல்லை.

ஹாட்ஷெப்சுட் கோயில் கிழக்கு பார்த்தது. ஏறும் சாய்தளத்தில் நிழலே இல்லை, அதனால் அதையும் காலையிலேயே சேர்த்துவிடுங்கள். நடு மாடத்தின் இடப்பக்கம் புன்ட் நாட்டுப் பயணச் சிற்பம். அதிலுள்ள பருத்த அரசியின் அசல் கல் கெய்ரோவுக்குப் போய்விட்டது, சுவரில் இருப்பது நகல்.

கர்னக்கை மூன்று மணிக்கு மேல் வையுங்கள். 134 தூண்கள் நிற்கும் மண்டபத்தோடு குழுக்கள் திரும்பிவிடும். கழுத்தை நிமிர்த்தி உத்தரங்களின் அடிப்புறம் பாருங்கள், வெயில் படாத அந்த இடத்தில் இன்னும் வண்ணம் இருக்கிறது. பிறகு ஒபலிஸ்குகள் எனப்படும் கூர்முனைக் கல்தூண்களையும் கருவறையையும் தாண்டி நேரே கிழக்கே நடந்தால் மூன்றாம் துட்மோஸின் விழா மண்டபம். அதன் பின்னால் ஒரு சிறு அறைச் சுவரில், சிரியாப் பக்கத்துப் போர்ப் பயணத்தில் கண்ட செடிகளையும் பறவைகளையும் செதுக்கி வைத்திருக்கிறான். அங்கே போய்வர இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். லக்சர் கோயில் இருட்டிய பிறகும் திறந்திருக்கும், விளக்கு போட்டபின் போகலாம்.