ஆளும் ஜனாதிபதியை எதிர்த்து நிற்கக்கூடியவர்களை எடை போடுவது எப்படி?

இலங்கையில் அடுத்த ஜனாதிபதித் தேர்தல் வழமைப்படி 2029 இல்தான் வரவேண்டும். ஆயினும் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு மாலையில் பத்திரிகை பார்க்க வருகிறவர்கள், எதிர்க்கட்சியில் யார் நிற்பார், நின்றால் வெல்வாரா என்று இப்போதே கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கதையில் பெரும்பகுதி "ஆள் நல்லவர்", "ஆள் சரிவராது" என்ற இரண்டு தீர்ப்புகளுக்குள் முடிந்துவிடுகிறது. ஒருவர் நல்லவரா என்பதும், பதவியில் இருக்கிற ஜனாதிபதியின் வாக்குப் பெட்டியிலிருந்து எத்தனை வாக்கை அவரால் கழற்ற முடியும் என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் முறையை, பல தேர்தல்களாக நான் ஓர் அப்பியாசக் கொப்பியில் செய்து வருகிறபடியே இங்கு எழுதுகிறேன்.

கொப்பி, பேனை, பென்சில் ஆகியவற்றோடு தேர்தல்கள் ஆணைக்குழு வெளியிட்ட பழைய முடிவுகளும் தேவை. 22 தேர்தல் மாவட்டங்களின் முடிவுகள் கைவசம் இருந்தால் போதும். எங்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு மட்டும் ஊர்காவற்றுறை தொடங்கிக் கிளிநொச்சி வரையுள்ள 11 தொகுதிகளையும் தனித்தனியாக எழுதிக்கொள்வது நல்லது.

முதற் பக்கத்தில், பதவியில் இருந்துகொண்டே தேர்தலுக்கு நின்ற ஜனாதிபதிகளை மட்டும் எழுதுங்கள். அத்தகைய போட்டி இந்த நாட்டில் இதுவரை ஐந்து தடவைதான் நடந்திருக்கிறது. 1982 இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன வென்றார், 1999 இல் சந்திரிகா குமாரதுங்க வென்றார், 2010 இல் மகிந்த ராஜபக்ச வென்றார். அதே மகிந்த 2015 இல் தோற்றார். 2024 இல் ரணில் விக்கிரமசிங்க 17.27 வீதத்துடன் மூன்றாம் இடத்துக்குப் போனார். ஆனால் ரணிலைப் பதவியில் அமர்த்தியது 2022 யூலையில் நாடாளுமன்றம் அளித்த வாக்கு. சனத்தின் வாக்கு அல்ல. ஆகவே மக்கள் தெரிவு செய்த ஜனாதிபதி ஒருவரை எதிர்க்கட்சி வேட்பாளர் நேருக்கு நேர் வீழ்த்தியது 2015 இல் ஒரே ஒரு முறைதான். எந்தப் பெயரை எடை போடும்போதும் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். எதிர்க்கட்சிக்காரரின் மேடைப் பேச்சைக் கேட்டுவிட்டு வரும் இரவில் இது எளிதில் மறந்துபோகும்.

சட்டத் தடையை அடுத்துப் பாருங்கள். இதற்கு அதிக நேரம் தேவையில்லை. 1980 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் பறிக்கப்பட்டபடியால் 1982 இல் அவருக்குப் பதிலாக ஹெக்டர் கொப்பேகடுவ நிற்க நேர்ந்தது. இன்று இரட்டைக் குடியுரிமை உள்ளவர் நிற்க முடியாது. மக்களால் இரண்டு தடவை ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டவரும் நிற்க முடியாது. இந்த வடிகட்டியில் தங்குகிறவர்களை வெட்டிவிட்டு மிஞ்சும் பெயர்களை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோங்கள்.

கணக்குப் பக்கம்

இங்கேதான் நிதானமாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஒரு வேட்பாளரைப் பார்க்கும்போது, எங்கள் சனம் அவருக்கு அள்ளிப் போடும் என்பதையே வெற்றியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்களிடம் உண்டு. அது எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதை மூன்று தேர்தல்களை அருகருகே எழுதினால் கண்டுகொள்ளலாம்.

2015 இல் மைத்திரிபால சிறிசேன நாடு முழுவதிலும் 449,072 வாக்குகளால் முந்தினார். யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்கு 253,574, மகிந்தவுக்கு 74,454, வித்தியாசம் 179,120. வன்னியில் வித்தியாசம் 107,040. மட்டக்களப்பில் 167,791. மூன்றையும் கூட்டினால் 453,951 வருகிறது, அதாவது முழு நாட்டிலும் அவர் முந்திய தொகையை விடச் சற்றே அதிகம். இந்த மூன்று மாவட்டங்களை ஒதுக்கிவிட்டு எண்ணியிருந்தால் மகிந்த ஐயாயிரத்துக்குக் குறைவான வாக்குகளால் முன்னுக்கு நின்றிருப்பார். அந்தக் கூட்டலை நான் மூன்று தரம் போட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது.

2019 இல் சஜித் பிரேமதாசவுக்கு யாழ்ப்பாணம் அதைவிட அதிகமாக, 83.86 வீதம் கொடுத்தது. கோட்டாபய ராஜபக்சவை விட இங்கே மட்டும் 289,461 வாக்குகள் கூட. இருந்தும் நாடு முழுவதிலும் சஜித் 1,360,016 வாக்குகளால் தோற்றார். 2005 இல் நடந்தது நேர்மாறு: மகிந்த ரணிலை வென்றது வெறும் 180,786 வாக்குகளால். அந்த முறை தேர்தல் புறக்கணிப்பினால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம் மட்டுமே.

தெற்கில் இருவருக்கும் இடையிலான இடைவெளி ஏறத்தாழ ஐந்து இலட்சத்துக்குள் இருந்தால் மட்டுமே எங்கள் பெட்டிகள் முடிவைத் தீர்மானிக்கும் என்பது இதிலிருந்து கிடைக்கிற அளவுகோல். ஆகவே ஒரு பெயரை எடுத்ததும், கம்பகாவிலும் குருநாகலிலும் மாத்தறையிலும் இவரால் இடைவெளியை அந்த அளவுக்குக் குறைக்க முடியுமா என்பதை முதலில் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனை வீதம் எடுப்பார் என்ற கேள்வி அதற்குப் பின்னால் வரட்டும்.

யாழ்ப்பாணமும் யாருடைய சட்டைப் பைக்குள்ளும் இல்லை. 2024 இல் இந்த மாவட்டத்தில் சஜித் 121,177 வாக்குகளும், சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் 116,688 வாக்குகளும், ரணில் 84,558 வாக்குகளும் பெற்றார்கள். வெற்றி பெற்ற அநுர குமார திசாநாயக்கவுக்குக் கிடைத்தது 27,086. இலங்கைத் தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிப்பதாக அறிவித்திருந்தும் நிலைமை இதுதான். இரண்டு மாதம் கழித்து நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் இதே மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை ஜனாதிபதியின் தேசிய மக்கள் சக்தி எடுத்துக்கொண்டது. எதிர்க்கட்சி வேட்பாளர் ஒருவர் 2019 இன் 83 வீதத்தை அடித்தளமாக வைத்துப் பேசினால், அவர் பழைய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

விருப்பு வாக்கு பற்றி ஓர் எச்சரிக்கை

எதிர்க்கட்சிகள் பிரிந்து நின்றாலும், வாக்காளர் தன் முதல் தெரிவுக்கு அடுத்ததாக இடக்கூடிய இரண்டாம் விருப்பு வாக்கினால் ஒன்றாகிவிடலாம் என்று சொல்கிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். இந்த நாட்டில் விருப்பு வாக்குகள் முதன்முதலாக எண்ணப்பட்டது 2024 இல்தான். முதலிருவர் தவிர்ந்த ஏனைய வேட்பாளர்கள் பெற்றிருந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867 என மொத்தம் இரண்டே முக்கால் இலட்சம் அளவுதான் முதலிருவரிடம் போய்ச் சேர்ந்தது; நூற்றுக்கு எட்டு. மிச்சமுள்ளோர் இரண்டாம் தெரிவை இடவில்லை, அல்லது அதை வேறு யாருக்காவது இட்டிருந்தார்கள். சஜித்தின் 32.76 வீதத்தையும் ரணிலின் 17.27 வீதத்தையும் கூட்டினால் 50.03 வருகிறதே என்று அந்த வாரம் முழுவதும் பலர் கவலைப்பட்டார்கள். காகிதத்தில் கூட்டலாம். ஆனால் ரணிலுக்குப் போட்டவர் எல்லோரும் அவர் இல்லாவிட்டால் சஜித்துக்குத்தான் போட்டிருப்பார் என்பதற்கு அந்த எட்டு வீதம் சாட்சி சொல்லவில்லை. ஆகவே ஒரு வேட்பாளரை எடை போடும்போது, வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே தன் பக்கத்தில் போட்டியாளர் இல்லாமற் செய்யக்கூடியவரா என்று பாருங்கள். பிறகு ஒட்டலாம் என்ற நம்பிக்கைக்குப் புள்ளி கொடுக்க வேண்டாம்.

ஆள் எங்கிருந்து வருகிறார்?

இதுவரை முன்னணியில் நின்று சவால் விட்டவர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். கட்சித் தலைவர் அல்லது கட்சியின் மூத்தவர் ஒரு வகை. அவருக்குத் தொண்டர்களும் கிளைகளும் உண்டு. கூடவே பழைய தோல்விகளும் உண்டு. சஜித் 2019 இல் 41.99 வீதமும், புதிய கட்சியோடு 2024 இல் 32.76 வீதமும் பெற்றார். இதைப் பார்த்து அவர் முடிந்துபோனவர் என்று எழுதிவிடக் கூடாது; முதலாவது இருமுனைப் போட்டி, இரண்டாவது மும்முனைப் போட்டி.

வெளியாள் இரண்டாவது வகை. 2010 இல் சரத் பொன்சேகா நின்றபோது, மகிந்தவின் மிகப் பெரிய பலமாகிய யுத்த வெற்றியில் பங்கு கேட்கக்கூடிய ஒருவரை எதிர்க்கட்சிகள் தேடிப் பிடித்திருந்தன. அந்தப் பங்கு கிடைக்கவில்லை, 40.15 வீதத்தோடு நின்றுவிட்டார். ஆளும் தலைவரின் சிறந்த சரக்கையே எதிராளியும் விற்க வந்தால், சனம் பழைய கடையிலேயே வாங்கும். ஆச்சரியம் என்னவென்றால், போர் முடிந்து ஒரு வருடம் ஆகுமுன்னரே, வாக்களித்தவர் தொகை மிகக் குறைவாக இருந்த யாழ்ப்பாணத்தில், முன்னாள் இராணுவத் தளபதியாகிய அவர்தான் முதலாவதாக வந்தார். அது அவர் மீதுள்ள பிரியத்தால் விழுந்த வாக்கு அல்ல என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வகை, அரசாங்கத்துக்கு உள்ளேயிருந்து உடைத்துக்கொண்டு வருகிறவர். மைத்திரிபால சுகாதார அமைச்சராகவும் ஆளும் கட்சியின் பொதுச் செயலாளராகவும் இருந்தவர். 2014 நவம்பர் 21 இல் வெளியே வந்து அன்னம் சின்னத்தில் நின்று, ஏழு வாரத்தில் வென்றார். சோதிடர் குறித்துக் கொடுத்த நாள் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்ட ஒரு திகதியில், இரண்டு வருடம் முன்கூட்டியே தேர்தலை வைத்த மகிந்தவுக்குத் தன் பக்கத்துக் கதிரை காலியாகும் என்று தெரிந்திருக்கவில்லை. எதிரணியின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும்போது அமைச்சரவைப் பட்டியலையும் ஒரு தரம் ஓடிப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தற்போதைய ஆளும் அணி கட்டுக்கோப்பானது; அங்கிருந்து ஒருவர் உடைத்துக்கொண்டு வருவது கடினம் என்பது என் மதிப்பீடு. இருந்தாலும் அந்த வரியை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இரண்டு மொழிச் சோதனை

யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஒரு வேட்பாளர் சொல்வதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. கொப்பியின் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்புறம் அவர் இங்கே தமிழ் மொழிபெயர்ப்போடு சொன்னதையும், வலப்புறம் அதே விடயத்தைப் பற்றித் தெற்கில் சிங்களத்தில் சொன்னதையும் எழுதுங்கள். எங்கள் நிலையத்துக்கு வருகிறவர்களில் ஒருவர் மாத்தறையிலும் கொழும்பிலும் அரச எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். சிங்களப் பத்திரிகையைத் தமிழ்ப் பத்திரிகை போலவே வாசிப்பார். வலப்புறத்தை நிரப்புவது அவருடைய வேலை. "தம்பி, தமிழில இருக்கிற சொல்லை விடு, சிங்களத்தில என்ன சொல் போட்டிருக்கிறான் எண்டு பார்" என்பது அவர் வாய்ப்பாடு.

அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதற்கு 2017 செப்தெம்பரில் வெளிவந்த அரசியலமைப்பு வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கையே போதும். நாட்டின் தன்மையைக் குறிக்க அதில் "ஏக்கீய ராஜ்ய" என்று சிங்களத்திலும் "ஒருமித்த நாடு" என்று தமிழிலும் எழுதப்பட்டிருந்தது. முதலாவதைத் தெற்கில் ஒற்றையாட்சி என்று வாசித்தார்கள். இரண்டாவதை இங்கே சிலர் சமஷ்டிக்கு, அதாவது கூட்டாட்சிக்கு, வழிவிடும் சொல் என்று வாசித்தார்கள். வேட்பாளர்களின் விஞ்ஞாபனங்களிலும் இவ்வகைச் சோடிச் சொற்கள் வரும். அதிகாரப் பகிர்வு, காணி, பொலிஸ் அதிகாரம், 2013 இற்குப் பிறகு நடத்தப்படாத வட மாகாண சபைத் தேர்தல், 1979 முதல் இருந்து வரும் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஆகிய ஐந்துக்கும் இரண்டு பக்கமும் நிரப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால், அந்தக் கருத்து உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், அவருக்கு ஒரு புள்ளி கொடுக்கலாம். வலப்புறம் வெறுமையாக இருந்தால் அது பொய்யை விட மோசமான அறிகுறி. அந்தப் பேச்சு இங்கே விற்பதற்காக மட்டும் கொண்டுவரப்பட்டது.

வயிற்றுப் பக்கம்

எங்கள் வாக்கு எப்போதும் இனப் பிரச்சினையை மட்டும் பார்த்து விழுகிறது என்று தெற்கில் நினைக்கிறார்கள். நாங்களும் சில நேரம் அப்படியே நினைக்கிறோம். 1982 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் குமார் பொன்னம்பலம் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவர் கொப்பேகடுவ. ஆளும் ஜனாதிபதி மூன்றாவது. உரும்பிராயில் வெங்காயம் செய்த ஒரு பெரியவர் அந்த வாக்கைப் பற்றி என்னிடம் சொன்னது: "அது வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போட்ட வோட்டு." 1970 களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது இங்குள்ள தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது, 1977 இற்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்ததும் அது போய்விட்டது. கொப்பேகடுவ அந்தப் பழைய அரசாங்கத்தின் விவசாய அமைச்சர்.

ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும், வெங்காய அறுவடைக் காலத்து இறக்குமதி வரி பற்றி என்ன சொல்கிறார், இந்திய இழுவைப் படகுகள் பற்றிக் குருநகரிலும் மயிலிட்டியிலும் உள்ள கடற்றொழிலாளர் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். பலருக்கு அந்த வரியை எழுத ஒன்றும் கிடைக்காது.

இவ்வளவையும் முடித்த பின்னர், பெயர்களுக்கு எதிரே போடும் புள்ளிகளைப் பென்சிலால் போடுங்கள். என் 2019 ஆம் ஆண்டுக் கொப்பியில் கோட்டாபயவுக்கு ஒரு பக்கமும் சஜித்துக்கு ஒரு பக்கமும் பேனையால் நிரப்பியிருக்கிறேன். அந்தத் தேர்தலில் 3.16 வீதம் எடுத்து, ஐந்து வருடத்தின் பின் 42.31 வீதத்தோடு ஜனாதிபதியானவரின் பெயர் அதில் எங்குமே இல்லை. கடைசியில் "ஏனையோர்" என்று ஒரே வரியில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். இப்போதைய கொப்பியில் அந்த வரிக்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன்.