அடைகல் வாங்குமுன் இடம் தேடுங்கள்: சிங்கப்பூரில் கொல்லு வேலை தொடங்க

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் உலை மூட்ட முடியாது. தாழ்வாரத்தில் முடியாது, புளோக்கின் கீழ்த்தளத்திலும் முடியாது. பலர் இதை யோசிக்காமல், காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லை இணையத்தில் வாங்கிவிடுகிறார்கள். 50 கிலோ இரும்பு வீட்டுப் புகலிடத்துக்குள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் துருவேறிக் கிடக்கும். ஊரில் கொல்லைப்புறமும் ஒரு வேப்பமரமும் இருந்தால் பட்டறை போட்டுவிடலாம். இங்கே அந்த வரிசையைத் திருப்ப வேண்டும்: முதலில் இடம், கூடவே ஆட்கள், சாமான் கடைசியில்.

இடம்

தரை வீடு வைத்திருப்பவர்களும் அவசரப்பட வேண்டாம். அடைகல்லில் சம்மட்டி விழும் ஓசை 100 டெசிபெலைத் தாண்டும். ஒட்டிய சுவருக்கு அப்பால் குடும்பம் இருக்கும் வீட்டில் அது ஒரு மாலைகூடத் தாங்காது. நடைமுறையில் கைகொடுப்பது தொழிற்பேட்டைதான். நகர மறுசீரமைப்பு ஆணையம் தொழிற்பேட்டை நிலத்தை பி1, பி2 என்று பிரித்து வைத்திருக்கிறது. பி1 இலகுவான, சுத்தமான தொழில்களுக்கு. பி2 சத்தமும் புகையும் உள்ள பொதுத் தொழில்களுக்கு. நீங்கள் தேட வேண்டியது பி2. சுங்கை காடுட், துவாஸ் பக்கம் உலோக வேலை செய்யும் பட்டறைகள் ஏற்கெனவே இருப்பதால் சுத்தியல் சத்தம் யாருக்கும் புதிதாக இருக்காது.

தனியாக வாடகைக்கு எடுப்பது தொடக்கக்காரருக்குக் கட்டுப்படியாகாது. இரும்புக் கதவு, கிராதி செய்யும் பட்டறை ஒன்றில் ஒரு மூலையை வார இறுதிக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: அங்கே நெருப்பு வேலைக்கு அனுமதி உண்டா, இடத்தைப் பகிர உரிமையாளர் சம்மதிக்கிறாரா, எரிவாயு உருளையை வைத்துவிட்டுப் போகலாமா. உருளையின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் உண்டு. அவர்களிடமே கேட்டுத் தெளிவது நல்லது. உருளையை எம்ஆர்டியில் ஏற்ற விடமாட்டார்கள். பட்டறைக்கே கொண்டுவந்து தரும் விநியோகிப்பாளரைப் பிடியுங்கள்.

இடம் தரைத்தளமாக, இரண்டு பக்கம் காற்று வர வேண்டும். எரியும் உலை கார்பன் மோனாக்சைடு விடும்; மணம் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. மூச்சு விடும் உயரத்தில் ஓர் அபாயமணிக் கருவியை மாட்டாமல் பற்றவைக்காதீர்கள். தலைவலி வந்தால் ‘வெயில்’ என்று தள்ளிவிடாமல் உலையை அணைத்து வெளியே வாருங்கள்.

ஆட்கள்

கம்போங் கிளாமில் சுல்தான் கேட் பக்கம் ஒரு காலத்தில் கொல்லுப் பட்டறைகள் இருந்தன. கப்பலுக்கு வேண்டிய இரும்புச் சாமான்களை அடித்துக் கொடுத்தார்கள். இன்று அந்தத் தெருவில் உலைச்சூடு இல்லை. ஆனால் இரும்பை அறிந்த கைகள் இந்தத் தீவில் குறையவில்லை. கப்பல் பட்டறைகளிலும் உலோக வேலைக்கூடங்களிலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஃபிட்டர்களும் வெல்டர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ‘அண்ணே, இந்தக் கம்பி எம்எஸ்ஸா (மைல்ட் ஸ்டீல், அதாவது மென்னெஃகு), வேறயா?’ என்று கேட்டால், கிரைண்டரில் ஒரு தொடு தொட்டுப் பொறியைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அந்தக் கண் புத்தகத்தில் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள் என்பதை மறக்க வேண்டாம். உதவி கேட்டால் சாப்பாடும் நேரத்துக்கான மரியாதையும் நம் பொறுப்பு.

சாமான் வாங்குமுன் ஒரு நாள் வகுப்பாவது போய் வாருங்கள். சூடான இரும்பு சுத்தியலுக்கு எப்படி வளைந்து கொடுக்கிறது என்பதைக் கை ஒரு தடவை உணர்ந்துவிட்டால், எந்த எடைச் சுத்தியல், எந்த உயர அடைகல் என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அங்கே சந்திக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஓர் அடைகல், ஓர் உலை என்று பகிர்ந்தால் செலவு மூன்றில் ஒன்றாகவோ நான்கில் ஒன்றாகவோ குறையும். இன்னொரு காரணமும் உண்டு: உலைக்கு முன் தனியாக நிற்கவே கூடாது. 1973இல் தொடங்கிய வட அமெரிக்கக் கலைக் கொல்லர் சங்கம் போன்ற அமைப்புகள் அடிப்படைப் பயிற்சிகளை ஒழுங்கான பாடத்திட்டமாக வகுத்து வைத்திருக்கின்றன. குழுவாகப் பழக அது நல்ல வழிகாட்டி.

உலை

கரி உலையா, வாயு உலையா? மலேசியாவின் கோலா செப்பெத்தாங் சூளைகளில் சுடும் பாக்காவ் (அலையாத்தி) மரக்கரி, சாத்தே சுடுவதற்காக இங்கும் விற்பனைக்கு வருகிறது. அடர்த்தியான கரி, அருமையான சூடு. 2–3 செ.மீ. துண்டுகளாக உடைத்து, சிறு ஊதுவிசிறியால் காற்றுக் கொடுத்தால் இரும்பை மஞ்சள் நிறத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனாலும் பொறியும் சாம்பலும் பறக்கும். பகிர்ந்த இடத்தில் அது சண்டையில்தான் முடியும். ஆகவே சிங்கப்பூரில் தொடங்குபவருக்கு எல்பிஜி உலையைத்தான் பரிந்துரைப்போம்.

உடலை நீங்களே செய்யலாம். 25 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. நீளமும் உள்ள எஃகுக் குழாய்த் துண்டு போதும். உள்ளே 1260°செ தாங்கும் பீங்கான் இழைப் போர்வையை 25 மி.மீ. தடிப்பில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். அதன்மேல் இழையை இறுக்கும் கூழ்ம சிலிக்கா திரவம் தெளித்து இறுக விட்டு, 1 செ.மீ. தடிப்பில் தீக்காரை பூசுங்கள். அடியில் ஒரு கெட்டித் தீச்செங்கல். மீதம் கிடைக்கும் உள்வெளி ஏறக்குறைய 4 லிட்டர்; முக்கால் அங்குல பர்னர் ஒன்றுக்குச் சரியான அளவு. ஐந்தரை லிட்டரைத் தாண்டினால் ஒற்றை பர்னர் திணறும்.

காரை பூசாமல் போர்வையை அப்படியே விடுபவர்கள் உண்டு. அது தவறு. சூடுபட்ட இழை நொறுங்கித் தூளாகும்; அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதி. வெட்டும்போதும் என்95 முகக்கவசம் வேண்டும். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் காரை மெதுவாகத்தான் காயும். அவசரப்பட்டு முழுத் தீ வைத்தால் உள்ளே சிக்கிய நீர் ஆவியாகி, பூச்சைப் பெயர்த்துத் தள்ளிவிடும். சில நாள் ஆறவிட்டு, முதலில் 5 நிமிடம், ஆறியபின் 10 நிமிடம் என்று சின்னத் தீயிலிருந்து ஏற்றுங்கள்.

பர்னரை மட்டும் வாங்கிவிடுங்கள். துளையின் அளவும் நேர்கோடும் சற்றுப் பிசகினாலும் தீ குழாய்க்குள்ளேயே திரும்பி ‘டப் டப்’பென்று வெடிக்கும். வீட்டு அடுப்பின் ரெகுலேட்டர் இதற்கு உதவாது. அதன் அழுத்தம் மிகக் குறைவு. 0–30 பிஎஸ்ஐ வரை திருப்பக்கூடிய உயர் அழுத்த ரெகுலேட்டரும் எல்பிஜிக்கான குழாயும் வேண்டும். வேலை பெரும்பாலும் 3–8 பிஎஸ்ஐயிலேயே நடக்கும். பர்னர் மூக்கு உலைக்குள் நீட்டாமல், உட்சுவரைவிட 1 செ.மீ. பின்தள்ளி இருக்கட்டும், இல்லையென்றால் மூக்கே எரிந்துபோகும். தீ இரும்பில் நேரே மோதாமல் சுவரைச் சுற்றிச் சுழலும்படி சாய்த்துப் பொருத்துங்கள். உருளை நிமிர்ந்த நிலையில், உலையிலிருந்து 2–3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும்; எனவே வடிகால் பக்கம் உருளை கூடாது. ஒவ்வொரு முறையும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

அடைகல்

கொம்பு (வளைப்பதற்கான கூம்பு முனை) வைத்த அழகான அடைகல் முதல் நாளே தேவையில்லை. 10 செ.மீ. சதுரம், 30 செ.மீ. உயரமுள்ள எஃகுக் கட்டையை நிறுத்தி வைத்தால் ஏறத்தாழ 23 கிலோ நிறை நேராகச் சுத்தியலுக்கு அடியில் இருக்கும். படுத்த தண்டவாளத் துண்டைவிட இது நன்றாக அடி வாங்கும். உலோக வேலைக்கூடங்களின் வெட்டுத் துண்டுகளில் இப்படிக் கட்டை கிடைக்கும். கேரோசல் இணையச் சந்தையில் பழைய அடைகல் பார்த்தால் ஒரு எஃகுக் குண்டைக் கையோடு கொண்டுபோங்கள். 25 செ.மீ. உயரத்திலிருந்து விடுங்கள். 18 செ.மீ. அல்லது அதற்கு மேல் எழும்பினால் நல்ல எஃகு முகம். பாதிக்கும் கீழே சோர்ந்து விழுந்தால் வார்ப்பிரும்பு; பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிடுங்கள்.

நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி பிடித்தால், விரல் கணு வரும் உயரம்தான் அடைகல்லின் முக உயரம். உயரம் கூடினால் தோள் வலிக்கும், குறைந்தால் இடுப்பு போகும். மணல் நிரப்பிய மரப்பெட்டியின் மேல் வைத்து, அடியில் கெட்டிக் காந்தம் ஒன்றை ஒட்டினால் மணிபோல ஒலிப்பது வெகுவாக அடங்கும்.

கைச்சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 800 கிராம் முதல் 1 கிலோ வரையுள்ள, ஒருபுறம் குறுக்கு அலகு கொண்ட சுத்தியல் ஒன்று. கடையில் வாங்கியதும் முகத்தின் கூரான விளிம்புகளை அரத்தால் மழுக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியும் இரும்பில் பிறை வடுவாகப் பதியும். 8–10 மி.மீ. கம்பியை இறுகப் பிடிக்கும் குறடு, கம்பி பிரஷ், வைஸ், ஆக்ஸா பிளேடு. ஜாலான் புசார் வட்டார வன்பொருள் கடைகளில் குறடு தவிர மற்றவை கிடைத்துவிடும். பருத்திச் சட்டை, மூடிய தோல் காலணி, பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பு கட்டாயம். பாலியஸ்டர் ஜெர்சி போட்டு வந்தால் பொறி பட்ட இடத்தில் உருகித் தோலோடு ஒட்டும். செருப்போடு வந்தவரைத் திருப்பி அனுப்புங்கள். தூள் தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் குழாய் நீரில் காட்டுங்கள். காயம் பெரிதென்றால் 995.

இரும்பும் நிறமும்

எம்எஸ் சதுரக் கம்பியில் தொடங்குங்கள். கட்டட முறுக்குக் கம்பி வேண்டாம். ஒரே கம்பியிலேயே தன்மை மாறும். ஜிஐ குழாய், ஜிஐ ஆணி எதையும் உலையில் வைக்கவே கூடாது. பூச்சிலுள்ள துத்தநாகம் 907°செயில் கொதித்து வெண்புகையாக வரும். மூச்சில் ஏறினால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும். குரோமியம் பூசிய சாமான் அதைவிட மோசம்.

இரும்பின் நிறத்தைத் திறந்த வெயிலில் படிக்க முடியாது. நிழலில் நின்று பாருங்கள். மங்கிய சிவப்பு சுமார் 650°செ: இந்த நிலைக்கு வந்ததும் அடிப்பதை நிறுத்த வேண்டும். ஆரஞ்சு 950, மஞ்சள் 1100–1200: அடிக்க உகந்த சூடு. வெள்ளையாகி மத்தாப்புபோலப் பொறி சிந்தினால் இரும்பே எரிகிறது. அந்தப் பகுதியை வெட்டி எறியத்தான் வேண்டும், திரும்ப மீட்க முடியாது.

முதல் வேலை: ஒரு எஸ் கொக்கி

தோரணமோ பூச்சரமோ மாட்டலாம். 8 மி.மீ. சதுரக் கம்பி 60 செ.மீ. எடுங்கள். மறுமுனை வெறும் கையில் பிடிக்கும் அளவுக்குக் குளிர்ந்தே இருக்கும் என்பதால் முதல் பாதிக்குக் குறடு தேவையில்லை. நுனியிலிருந்து 18 செ.மீ.யில் மையக்குத்தியால் ஒரு புள்ளி குத்திவிடுங்கள். சாக்பீஸ் கோடு தீயில் அழியும், குத்து நிற்கும்.

நுனியில் 3 செ.மீ.யை மஞ்சளாக்கி, அடைகல்லின் அப்புற விளிம்பருகே வைத்து, கம்பியையும் சுத்தியலையும் ஒரே அளவு சாய்த்து அடியுங்கள். இரண்டு மூன்று அடிக்கு ஒருமுறை கம்பியைக் கால்சுற்றுத் திருப்புங்கள். நான்கு பக்கமும் சதுரமாகவே கூராகட்டும். 3 செ.மீ. ஏறக்குறைய 6 செ.மீ.யாக நீண்டு, நுனி 3 மி.மீ. ஆகும். அதன்பின் நான்கு முனைகளைத் தட்டி எண்கோணம், பிறகு உருட்டி வட்டம். நேரே வட்டமாக அடித்தால் நடுவில் உள்பிளவு விழும். இதைத் தவிர்க்கத்தான் சதுர வழி. திருப்பும் கோணம் பிசகினால் குறுக்குவெட்டு சாய்சதுரமாகிவிடும். அப்போது சூடேற்றி, நீண்ட மூலைகளை நிறுத்தி வைத்து மெதுவாகத் தட்டினால் சதுரம் திரும்பும். நுனி மீன்வாய்போல இரண்டு உதடாகப் பிரிந்தால் நுனி போதிய சூடில்லாமல் அடித்திருக்கிறீர்கள் என்று பொருள். அரிந்துவிட்டுத் தொடருங்கள், மடித்து அடித்தால் மடிப்பு விரிசலாக நிற்கும்.

கூரின் கடைசி 1 செ.மீ.யை விளிம்பில் சிறு சுருளாக மடக்குங்கள். பிறகு எதிர்த்திசையில் கொம்பிலோ வைஸில் பிடித்த 25 மி.மீ. குழாயிலோ பெரிய வளைவு. வளைக்கும்போது அடி, கொம்பில் படாத பகுதியில் விழ வேண்டும். நேர்மேலே அடித்தால் கம்பி நசுங்கும். ஆறியபின் குத்திய இடத்தில் வெட்டி, மறுமுனையைக் குறட்டில் பிடித்து இதையே செய்யுங்கள். இப்போது வளைவு எதிர்ப்புறம். கடைசியாக நடுப்பகுதியைச் சீராகச் சூடேற்றி, ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையை ஒரு முழுச்சுற்று முறுக்குங்கள். முறுக்கு ஒருபக்கம் நெருக்கமாக விழுந்தால் சூடு அங்கே கூடுதல் என்று அர்த்தம்.

கம்பி பிரஷால் கருஞ்செதிலைத் தேய்த்து, தொட்டால் சுடும் நிலையில் தேன்மெழுகு பூசுங்கள். ஆளிவிதை எண்ணெய் பூசினால் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். நீரில் நனைத்து விரித்துப் போடுங்கள்.

பத்துக் கொக்கி ஒரே அளவில் வந்தபிறகு உளி, துளைப்பான் பக்கம் போகலாம். அதற்கு 5160 போன்ற பெயர் தெரிந்த வில் எஃகு வாங்குங்கள். ஊரில் லாரிப் பட்டையில் அரிவாள் அடிப்பது உண்மைதான், ஆனால் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். துவைச்சலுக்கு (சூடான எஃகைச் சட்டென ஆற்றிக் கடினமாக்க), காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றே தாண்டியதும் 50–60°செ சமையல் எண்ணெயில் முக்குங்கள். தண்ணீரில் முக்கினால் வெடிக்கும். எண்ணெய் வைக்கும் இரும்புப் பாத்திரத்துக்கு மூடி இருக்க வேண்டும். பிறகு எஃகு நொறுங்காமலிருக்க, 230°செ அவன் அடுப்பில் 1 மணி நேரம் வீதம் இரண்டு முறை வையுங்கள். கத்தி ஆசை இருந்தால் காத்திருங்கள். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது இங்கே குற்றம். பட்டறையிலிருந்து வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதையும் யோசித்தாக வேண்டும்.

வேலை முடிந்ததும் முதலில் உருளையின் வால்வை மூடி, குழாயில் மிஞ்சிய வாயு எரிந்து அடங்கட்டும். அதன்பின் பர்னர் வால்வு. அடைகல்லின் முகத்தில் எண்ணெய் தடவுங்கள், இல்லையேல் மறுநாளே துரு. கறுத்துக் கிடக்கும் இரும்பு 400°செயிலும் கறுப்பாகவே தெரியும். ஆகவே எதையும் எடுக்குமுன் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். கடைசித் தீ அணைந்து ஒரு மணி நேரம் கழித்து மூலை முடுக்கெல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.