கோல்ட் கோஸ்ட் ஏர்போர்ட்டா, பாலினாவா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி கடிகாரத்த பாருங்க

ஆஸ்திரேலியாவோட 491 விசால (வட்டாரப் பகுதிகள்ல தங்கி வேலை பாக்குறதுக்கான தற்காலிக விசா) கோல்ட் கோஸ்ட் பக்கம் புதுசா வர்றவங்களுக்காக இத எழுதுறேன். வரி நம்பர், மெடிகேர் (அரசாங்க மருத்துவ காப்பீடு), பேங்க் இதெல்லாம் ஆன்லைன்லயே முடிஞ்சிரும், அதுல பெருசா சிக்கல் இல்ல. உள்ளூர் ஃப்ளைட்லதான் நான் ஏமாந்தேன்.

சிட்னி போக இங்க ரெண்டு ஏர்போர்ட் இருக்கு. ஒண்ணு கூலங்கட்டால இருக்கிற கோல்ட் கோஸ்ட் ஏர்போர்ட், இன்னொண்ணு தெக்கால பாலினா. நடுவுல ரோட்ல 80, 90 கிலோமீட்டர், ஹைவேல ஒரு மணி நேரம். ரெண்டுல இருந்தும் சிட்னிக்கு ஒன்னரை மணி நேரத்துக்குள்ளதான் பறக்குது, அதனால எது விலை கம்மியோ அத போட்டுருவோம். நானும் அப்படித்தான் போட்டேன்.

நம்ம ஊர்ல நாடு பூரா ஒரே டைம், பார்டர் தாண்டினா மணி மாறும்னு யோசிக்கிற பழக்கமே நமக்கு கிடையாது. இங்க கூலங்கட்டா ஏர்போர்ட் ஓடுறது குயின்ஸ்லாந்து மாநில டைம்ல, பாலினா பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ், சிட்னியும் அங்கதான். அக்டோபர் முதல் ஞாயிறுல இருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரைக்கும் நியூ சவுத் வேல்ஸ்காரங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சுக்குவாங்க, குயின்ஸ்லாந்துக்காரங்க 1992லயே ஓட்டு போட்டு எங்களுக்கு வேணாம்னுட்டாங்க. ஜூலைல இதே பாலினால இருந்து போயிட்டு வந்தேன், ஒரு பிரச்சினையும் இல்ல, அந்த தைரியம்தான் என்ன கவுத்துச்சு.

டிசம்பர்ல 11:30 ஃப்ளைட். வீட்ல 9:15க்கு கிளம்பினோம், போன் வீட்டுக்காரம்மா பைக்குள்ள, நான் பாத்தது காரோட கடிகாரம், அது தானா மாறாது. 10:25க்கு ஜம்முனு போய் நிக்கிறேன், கவுன்டர்ல ஆளே இல்ல. செக்யூரிட்டிக்காரர் என்ன பாத்துட்டு செவுத்து கடிகாரத்த காட்டுறார், மணி 11:25. சின்ன ஏர்போர்ட், கண்ணாடி வழியா ப்ளேன் தெரியுது, கதவ அப்பதான் சாத்துறாங்க. செக்-இன் அரை மணி முன்னாடியே மூடியாச்சு. கெஞ்சினேன், ஒண்ணும் நடக்கல. வீட்டுக்காரம்மா அப்ப ஒரு வார்த்தை பேசல, அதுதான் பயமா இருந்துச்சு.

டிக்கெட்ல போட்டிருக்கிற டைம் எப்பவுமே அந்தந்த ஏர்போர்ட்டோட உள்ளூர் டைம்தான், உங்க வீட்டு டைம் இல்ல. அதனால கோடைல பாலினான்னா கைல உள்ள மணியோட ஒண்ண கூட்டிட்டு கிளம்புங்க, முந்தின நாளே "பாலினா டைம்"னு தேடி பாத்துருங்க. டிக்கெட்ல இருக்கிற கிளம்புற மணியையும் இறங்குற மணியையும் கழிச்சு பறக்குற நேரத்த கணக்கு போடாதீங்க, கோடைல கூலங்கட்டால 10 மணிக்கு ஏறினா சிட்னில 12:30ன்னு காட்டும், திரும்பி வர்றப்ப அரை மணில வந்துட்ட மாதிரி இருக்கும். ப்ளேன் அதே ப்ளேன்தான். ப்ரோக்கன் ஹில் பக்கம் வேலை கிடைச்சவங்க இன்னும் உஷாரா இருங்க, அது நியூ சவுத் வேல்ஸ்லதான் இருக்கு, ஆனா அடிலெய்ட் டைம்ல ஓடுது, சிட்னிய விட அரை மணி பின்னாடி.

அன்னிக்கு திரும்பி வர்றப்ப ட்வீட்கிட்ட குயின்ஸ்லாந்து பார்டர் தாண்டினதும் போன எடுத்து பாத்தேன், 12:45ல இருந்து 11:45க்கு இறங்கிருச்சு. எடுத்த ஒரு மணி நேரத்த திருப்பி குடுத்துட்டாங்க, டிக்கெட் காச மட்டும் குடுக்கல.