கிரனாடா மலையூர்ல தாப்பாஸ் சாப்பிடுறது எப்படி? (முதல் தடவை போறவங்களுக்கு)

தாப்பாஸ்னா குட்டி குட்டி ஐட்டமா காசு குடுத்து வாங்கி சாப்பிடுறதுன்னுதான் நானும் நெனச்சிட்டு இருந்தேன். பார்சிலோனா பக்கம் பெரும்பாலும் அப்படித்தான், ஆனா ஸ்பெயினுக்குத் தெற்க இருக்குற கிரனாடா மாகாணத்துல கதையே வேற, குடிக்க ஒண்ணு சொன்னா திங்க ஒண்ணு சும்மாவே வரும். சியரா நெவாடா மலைச் சரிவுல அல்புஹார்ரான்னு ஒரு பகுதி, அங்க பம்பனேய்ரா, கபிலெய்ரா, த்ரெவேலெஸ்னு வெள்ளையடிச்ச சின்ன ஊருங்க. அங்க போனா இப்படி பண்ணுங்க.

1. நேரம் பாத்து போங்க. மதியம் 1 மணிக்கு மேல, இல்லன்னா ராத்திரி எட்டரைக்கு மேல. சாயங்காலம் 6 மணிக்கு பசிக்குதுன்னு போய் நின்னா கிச்சன் மூடியிருக்கும், ஆலிவும் சிப்ஸும் வந்தாலே பெரிசு.

2. உள்ள நுழையும்போதே பொதுவா எல்லாருக்கும் ஒரு "புவெனாஸ்" (நம்ம வணக்கம் மாதிரி) சொல்லிடுங்க, சின்ன ஊர்ல அது மரியாதை. அப்புறம் டேபிளத் தேடாம நேரா கவுன்ட்டர்ல போய் நில்லுங்க.

3. இப்ப குடிக்க மட்டும் சொல்லுங்க. "ஊனா கான்யா, போர் ஃபவோர்"னா சின்ன கிளாஸ்ல டிராஃப்ட் பீர், சுமார் 200 மில்லி. வெயிலுக்கு தின்தோ தெ வெரானோ நல்லா இருக்கும், ரெட் வைன்ல சோடா இல்லன்னா லெமன் சோடா ஊத்தி ஐஸ் போட்டது. குடிக்காதவங்க மோஸ்தோ கேளுங்க, திராட்சை ஜூஸ்தான், அதுக்கும் நெறைய இடத்துல தாப்பா வரும். காபிக்கு வராது. நாலு பேர் போனா நாலு பேரும் ஒரே ரவுண்டா சொல்லுங்க, ஆளுக்கொரு நேரம் சொன்னா பார்க்காரருக்கு கணக்கு குழம்பிடும்.

4. சும்மா நில்லுங்க! இதுதான் கஷ்டம். முதல் தடவை நான் பொறுமையில்லாம மெனு கேட்டு ஒரு ரசியோன் சொல்லிட்டேன், ரசியோன்னா முழு தட்டு, அது வந்து சேர்றதுக்குள்ள பீரோட ஓசி தாப்பாவும் வந்துருச்சு, அடுத்த பீருக்கு இன்னொண்ணு, கடைசில காசு குடுத்து வாங்குனதை பாதிக்கு மேல திங்க முடியல.

என்ன வரும்னா அது பார்க்காரர் இஷ்டம். ஒவ்வொரு ரவுண்டுக்கும் வேற வேற வரும். பாப்பாஸ் அ லோ போப்ரே, அதாவது உருளைக்கெழங்கு, குடமொளகா, வெங்காயத்தை ஆலிவ் எண்ணெய்ல குழைய வதக்குனது. மோர்சீயான்னா ரத்தம் சேத்த சாசேஜ், தெரிஞ்சே சாப்பிடுங்க. அப்புறம் மீகாஸ், எனக்கு அதுதான் உசிர். மத்த ஊர்ல பழைய ரொட்டிய உதுத்து பண்ணுவாங்க, இந்தப் பக்கம் ரவை மாதிரி கோதுமை மாவுல பூண்டும் எண்ணெயும் போட்டு உதிரி உதிரியா வர்ற வரைக்கும் கிண்டிக்கிட்டே இருப்பாங்க, நம்ம ரவா உப்புமாவ தண்ணி கம்மியா வெச்சு நல்லா வறுத்தா எப்படியோ அப்படி இருக்கும், பக்கத்துல பொரிச்ச மொளகா, சிலசமயம் மத்தி மீன்.

5. சைவம்னா முதல்லயே சொல்லிடணும், அதுவும் "கார்னே (கறி) இல்லாம"னு மட்டும் சொன்னா பத்தாது, பல பேருக்கு ஹமோன், அதாவது காயவெச்ச பன்னித்தொடை, கறிக் கணக்குலயே வராது. த்ரெவேலெஸ் ஊரே ஹமோனுக்குப் பேர்போனது, சுமார் 1,500 மீட்டர் உயரத்துல மலைக்காத்துல பன்னித்தொடைய மாசக்கணக்கா தொங்கவிட்டு காய வெக்கிறாங்க. அதனால "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ"னு மூணையும் சொல்லுங்க, கறி, ஹமோன், மீன் மூணும் வேணாம்னு அர்த்தம்.

6. காசு கடைசில மொத்தமா. "குவான்தோ எஸ்?"னு கேட்டா போதும், நீங்க எத்தனை குடிச்சீங்கன்னு அவருக்கு தெரியும். டிப்ஸ் கட்டாயமில்ல, சில்லறைய விட்டுட்டு வாங்க.

ரெண்டு ரவுண்டுக்கு மேல ஒரே எடத்துல நிக்காம அடுத்த பாருக்கு நகருங்க, அங்க வேற தாப்பா. ஆனா கார் சாவிய ரூம்லயே வெச்சிட்டு போங்க, அந்த மலை ரோடு பூரா கொண்டை ஊசி வளைவு. கிரனாடாலேர்ந்து பஸ் இருக்கு, நாளைக்கு சிலதுதான், அதனால ராத்திரி தங்குற மாதிரியே பிளான் பண்ணிக்குங்க.