விலாசத்தின் வேரைத் தேட

எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளே விலாசம். ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் ஒரு முன்னோர் இருக்கிறார்.

முதலில் பாத்திரங்களைப் பாருங்கள். பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் துலக்கினால் விளிம்பில் வெட்டிய எழுத்துகள் தெளிவாகத் தெரியும். எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆனால் சீராக வந்த சாமானில் இருப்பது பெண் வீட்டு விலாசம், கவனம்!

அப்புறம் இசைகுடிமானம், கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம். ஐயா (தாத்தா) பெயரையே பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். தேதியை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும்.

சங்கிலி திடீரென்று அறுந்தால், அங்கே பிள்ளை கூட்டியிருக்கலாம், அதாவது தத்து எடுத்திருக்கலாம். பங்காளி வீட்டு அப்பத்தாவிடம் பக்குவமாகக் கேளுங்கள். நகரத்தாரின் 9 பிரிவுகளுக்கும் உரிய 9 நகரக் கோயில்களில் உங்களுடையது எதுவோ, அங்கே புள்ளிக் கணக்கையும், அதாவது மணமானவர்களின் குடும்பப் பதிவையும் விசாரியுங்கள்.