சுமாரான புத்தகத்துக்குக் கருத்து எழுதும்போது செய்யும் தவறுகள்

மிக நல்ல புத்தகத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிடலாம். மோசமான புத்தகத்தைத் திட்டுவது அதைவிடச் சுலபம். சறுக்கல் வருவதெல்லாம் நடுவில் நிற்கும் புத்தகங்களில்தான். நேரம் வீணாகவில்லை, ஆனால் இன்னொரு முறை எடுக்கத் தோன்றாது என்கிற ரகம் அது. அறிவியல் புனைகதையிலும், கதையல்லாத நூல்களான அபுனைவிலும் இந்த ரகம்தான் ஏராளம். யார் எடுக்கலாம், எதற்காக எடுக்கலாம், எந்த இடத்தில் பொறுமை வேண்டும் என்ற மூன்றையும் சொல்லாத கருத்தால் அடுத்த வாசகருக்குப் பயன் இல்லை.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு முதலில் வரும் தவறு மேடைப் பழக்கம். காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கியது 1939இல். அன்றிலிருந்து மேடையில் அழகாகப் பேசுவது இந்த ஊரின் குணமாகிவிட்டது. நூல் வெளியீட்டில் பொன்னாடை போர்த்திய கையோடு குறை சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அது வாழ்த்துரை. ஆனால் மறுநாள் எழுத உட்காரும்போதும் அதே குரலில் ‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்’ என்று முடித்தால், அதை நம்பி 350 ரூபாய் கொடுத்து வாங்கியவர் அடுத்த தடவை உங்கள் சொல்லைக் கேட்க மாட்டார். எழுதியவர் தெரிந்த அண்ணனாகவோ பக்கத்து வளவு ஆச்சியாகவோ இருந்தால் முதல் வரியிலேயே ‘ஆசிரியர் எனக்குப் பழக்கம்’ என்று போட்டுவிட்டுக் கருத்தைச் சொல்லுங்கள். படிப்பவர் அதற்கேற்பக் கழித்துக்கொள்வார்.

அடுத்தது, எந்தப் புத்தகத்துக்கும் ஒட்டவைக்கக்கூடிய வாக்கியங்கள். ‘நல்ல முயற்சி’, ‘விறுவிறுப்பாகப் போகிறது’, ‘ஒருமுறை படிக்கலாம்’. சுமாரான புத்தகம் என்பது எல்லாப் பக்கமும் சமமாகச் சுமாராக இருப்பது அல்ல. சில அத்தியாயம் நன்றாக இருக்கும், சில இழுக்கும். இழுக்கும் இடத்தைப் பக்க எண்ணோடு சொல்லுங்கள். ‘240 பக்கத்தில் முதல் 70 பக்கம் விண்கலத்தின் உள்ளமைப்பை மட்டும் விவரிக்கிறது. கதை 71இல்தான் நகர்கிறது. 180க்கு மேல் ஒரே மூச்சில் போய்விடும்.’ இந்த மூன்று வரி பத்து அடைமொழிகளைவிட உபயோகம். இதற்காகப் படிக்கும்போதே ஒரு துண்டுத்தாளை உள்ளே வைத்து, கவனம் சிதறிய பக்கத்தையும் மீண்டும் பிடித்துக்கொண்ட பக்கத்தையும் குறித்தால் போதும். முடித்த பிறகு நினைவிலிருந்து எழுதினால் கடைசி 20 பக்கத்தின் சுவைதான் முழுப் புத்தகத்தின் மேலும் படியும்.

அறிவியல் புனைகதையில் பெரிய தவறு, அறிவியல் பிழையைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இருக்கிற ஊர் இது. பேட்டரியைப் பற்றி வாசகரில் யாருக்காவது கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். ஒரு நாவலில் உள்ளங்கை அளவு பேட்டரி ஒரு தெருவுக்கே மின்சாரம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போடலாம்: இன்றைய நல்ல லித்தியம் அயனி மின்கலம் கிலோவுக்குச் சுமார் 250 வாட்-மணி தாங்கும். 200 கிராம் என்றால் 50 வாட்-மணி. 75 வாட் மின்விசிறி ஒன்றை அதில் 40 நிமிடம் ஓட்டலாம், அவ்வளவுதான். சரி, இது நாவலின் குறையா? கதை நடப்பது 2190இல் என்றால், இந்தப் பேட்டரி ஆசிரியர் நம்மிடம் கேட்கும் ஒரு சலுகை. கொடுத்துவிடலாம். ஆனால் அதே நாவலின் உச்சக்கட்டத்தில் கதாநாயகன் மின்சாரம் இல்லாமல் இருட்டில் மாட்டிக்கொண்டு தவித்தால், அந்தப் பேட்டரி எங்கே போயிற்று? அது குறை. தான் வகுத்த விதியைத் தானே மறந்த கதை அது.

தகவல் தொடர்பும் அப்படித்தான். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு செய்தி போய்ச்சேர, இரண்டும் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். பதில் வர இன்னொரு மடங்கு. செவ்வாயில் இருப்பவர் அம்மாவோடு தொலைபேசியில் சண்டை போடும் காட்சி கதையில் வெறும் நகைச்சுவை என்றால் ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டுத் தாண்டலாம். கதையின் முடிச்சே ‘கடைசி நொடியில் பூமியிலிருந்து வந்த எச்சரிக்கை’ என்றால் அங்கே கட்டுமானம் விழுகிறது. பிழை இருக்கிறதா என்று கேட்டபின், அந்தப் பிழையை உருவினால் கதை நிற்குமா என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் எழுதப்படும் கருத்துகளில் பாதிக்கு மேல், எழுதியவர் பௌதிகம் படித்தவர் என்பது மட்டும்தான் தெரியவருகிறது.

இந்த வகை நாவல்கள் சுமாராக நின்றுவிடுவதற்கு அறிவியல் பெரும்பாலும் காரணமும் இல்லை. ஒரு சிறுகதைக்குப் போதுமான கற்பனையை 300 பக்கத்துக்கு இழுப்பதுதான் காரணம். அதைச் சோதிக்க, கதையின் மூலக் கற்பனையை ஒரு வரியில் எழுதுங்கள். அந்தக் கற்பனையால் மனிதர்களின் வீடு, தொழில், கல்யாணம், கடன் ஏதாவது மாறியதாக ஆசிரியர் காட்டுகிறாரா என்று பாருங்கள். மாற்றமே இல்லாமல் கருவி மட்டும் புதிதாக இருந்தால், அதைச் சொன்னாலே கருத்து முழுமை பெற்றுவிடும். கதைச் சுருக்கத்தைப் பின்னட்டை சொல்வதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம்.

அபுனைவில் நேரும் தவறு வேறு மாதிரி. அங்கே புத்தகத்துக்குப் பதில் தலைப்புக்கு மதிப்பெண் விழுகிறது. செட்டிநாட்டு வீடுகள், ஆத்தங்குடித் தரைக்கல், நகரத்தாரின் ஒன்பது கோயில்கள் என்று எது வந்தாலும் இங்கே வரவேற்பு உண்டு. படத்தில் நம் ஊர் வீட்டின் முகப்பும் பட்டாலையும் இருந்தால் மனம் இளகிவிடும். பொருள் நமக்குப் பிடித்தது என்பதும் நூல் நன்றாக எழுதப்பட்டது என்பதும் வேறு வேறு.

சரிபார்க்கும் வழி இதுதான்: நூலில் எண்ணோடு வரும் மூன்று கூற்றுகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த இடம், எந்த ஆண்டு, எதில் பங்கு என்று மூன்றும் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். உதாரணமாக, ‘பர்மா நிலத்தில் கால்பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது’ என்ற வரி பல இடங்களில் கண்ணில் படும். உண்மையில் அந்தக் கணக்கு முழு பர்மாவுக்கானது அல்ல. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், யாராவது ஒருவர் வசம் இருந்த மொத்த விவசாய நிலத்தில் செட்டியார்களின் பங்கைப் பற்றியது. 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்தது 1937 வாக்கில் 25 ஆயிற்று. இடையில் நடந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை சரிந்தது, கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்த செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. இந்தக் காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொன்னால், நிலம் பிடிக்கவே கப்பலேறினார்கள் என்று ஆகிவிடும். காரணத்தை மட்டும் சொல்லிப் பர்மிய உழவன் நிலம் இழந்ததை விட்டுவிட்டால் அது குடும்ப மலர். நடுத்தரமான நூல்கள் இந்த இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எந்தப் பக்கம் என்று சொல்வது உங்கள் வேலை.

எதிர்த் தவறும் உண்டு. செட்டிநாட்டு ஊர்கள் ஆதியில் 96 என்பார்கள், இப்போது எழுபத்தைந்தை ஒட்டி நூலுக்கு நூல் ஓர் எண் வரும். இதைப் பிடித்துக்கொண்டு ‘தகவல் பிழை’ என்று முழங்கக் கூடாது. எப்படி எண்ணினார் என்று ஆசிரியர் சொல்லவில்லை என்றால் அதை மட்டும் குறிப்பிடுங்கள்.

பொதுவான அபுனைவில், குறிப்பாகப் பழக்கவழக்கம், பணம், உடல்நலம் பற்றிய நூல்களில், ஒரு கட்டுரைக்குரிய விஷயம் 250 பக்கமாக ஊதியிருக்கும். முன்னுரை, கடைசி அத்தியாயம், நடுவில் ஏதாவது ஒன்று ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துப் படியுங்கள். நடு அத்தியாயம் புதிதாக எதுவும் சேர்க்கவில்லை என்றால் ‘முன்னுரையோடு நிறுத்தலாம்’ என்று தைரியமாக எழுதலாம்.

மொழிபெயர்ப்பு நூல் என்றால் தமிழ் நடையின் கரடுமுரடை மூல ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரைச் சொல்லித் தனியாக இரண்டு வரி எழுதுங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் என்பது சுமாரான நூலுக்கு அநியாயமான சுருக்கம். அந்தக் காலத்து ஐந்தொகைக் கணக்கில் வரவும் பற்றும் தனித்தனியாகத் தெரிவதுபோல, கற்பனைக்கு நாலு, நடைக்கு இரண்டு என்று பிரித்துக் காட்டினால், நடையைப் பொருட்படுத்தாதவர் எடுத்துக்கொள்வார், மற்றவர் தப்பிப்பார்.

மற்றவர்கள் எழுதியதைப் படிக்கும் முன் உங்கள் மூன்று வரியை எழுதி வைத்துவிடுங்கள். நடுத்தரமான நூலைப் பற்றிய அபிப்பிராயம் மெல்லியது. பெயர் பெற்ற ஒருவர் ‘அற்புதம்’ என்று சொல்லிவிட்டால் உங்களுடையது கரைந்துவிடும்.

விலையையும் சொல்லுங்கள். ‘கிளை நூலகத்தில் இருந்தால் எடுங்கள், வாங்க வேண்டாம்’ என்பது மரியாதைக் குறைவான தீர்ப்பு அல்ல, இந்த ரகத்துக்கு அதுவே பொருத்தம். கூடவே எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்றும் போடுங்கள். நீங்கள் சுட்டிய பிழை அடுத்த பதிப்பில் திருத்தப்பட்டிருக்கலாம். பதிப்பு தெரியாவிட்டால் ஆசிரியர் செய்த திருத்தமும் வீண், உங்கள் குறிப்பும் வீண்.