பழைய காரில் இன்ஜின் தட்டுகிறதா? பிரிப்பதற்கு முன் இதையெல்லாம் பாருங்கள்

உச்சிப்புளியிலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில், பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில்தான் என் பழைய மாருதி 800 முதல் தடவை தட்டியது. நான்காவது கியர், உள்ளே ஐந்து பேர், சித்திரை வெயில். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி ஒரு சத்தம். பாலத்தின் இறக்கத்தில் சத்தம் தானாக நின்றுவிட்டது. மறுநாள் ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறக்காமலே "இன்ஜினைப் பிரிச்சு ரீபோர் பண்ணணும்" என்றார்கள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதுதான் ரீபோர். நான் பிரிக்கவில்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த வழியை, ஸ்பேனர் பிடித்துப் பழகாதவர்களுக்கும் புரியும்படி எழுதுகிறேன். மனதில் இருப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டி. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டிக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

படி 1: எப்போது தட்டுகிறது?

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு நாள் ஓட்டி, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

பாரம் ஏற்றும்போதும் ஏற்றத்திலும் மட்டும் கலகலவென்று வந்தால், அது நாக்கிங். பிளக் பற்றவைத்த நெருப்பு பரவி வருவதற்குள், சிலிண்டரின் ஓரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிக்கும் சத்தம் அது. நம் ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கத் தட்டையான தரை. ஏற்றம் என்றால் பாம்பன் பாலமும் ரயில்வே மேம்பாலங்களும்தான். அதனால் இந்தக் கோளாறு பல மாதம் வெளியே தெரியாமலே இருக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் தட்டி, சூடானதும் அடங்கினால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே தேய்மானம். உடனே பயப்பட வேண்டியதில்லை. மேலே டிக் டிக் என்று ஒரே சீராக வந்தால் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வைத் தள்ளும் பாகத்தில் இடைவெளி கூடியிருக்கிறது. ஆனால் அடியிலிருந்து டொக் டொக் என்று கனமாக வந்து, இன்ஜின் சூடாகச் சூடாக அதிகமானால் அது பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பியின் பேரிங்காக (கன்ராட் பேரிங்) இருக்கலாம். அந்தச் சத்தத்தோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

படி 2: ஆயில்

சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் முதலில் ஊற்றுங்கள், அப்புறம் மற்றதெல்லாம். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது) ஆயில் விளக்கு மினுக்கினால் அங்கேயே அணைத்துவிடுங்கள்.

படி 3: எங்கே தட்டுகிறது?

ஒரு மீட்டர் ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை டேப்பட் மூடி, பிளாக்கின் பக்கவாட்டு, கீழே ஆயில் தேங்கும் சம்ப், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோங்கள். வேட்டி, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. விசைப்படகில் வேலை பார்த்த ஒருவர் பழக்கத்தில் இருந்தால் கூட வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே பழகிய காது அது. துருப்பிடித்த சைலன்சர் தகடும் தளர்ந்த இன்ஜின் மவுண்டிங்கும்கூடத் தட்டும். அதையும் ஆட்டிப் பாருங்கள்.

படி 4: சூடு

பாரத்தில் மட்டும் தட்டும் வண்டிக்கு, நம் கடற்கரையில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். உப்புக்காற்று ரேடியேட்டரைத் தின்றுவிடும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டரின் அடிப்பாகத்தில் விரலை வைத்து லேசாகத் தடவுங்கள். என் வண்டியில் அப்படித் தடவியபோது, குழாய்களுக்கு இடையே இருக்கும் மெல்லிய தகட்டுச் செதில்கள் பழைய அப்பளம் மாதிரி நொறுங்கி, கையில் பொடியாக ஒட்டின. மேல்பாதி பார்க்க நன்றாக இருந்தது. கீழ்ப்பாதியில் செதில்களே இல்லை, வெறும் குழாய்கள். செதில் இல்லாவிட்டால் சூடு வெளியேறாது. சூடான சிலிண்டரில் கலவை தானாக வெடிக்கும்.

ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. ஆறிய பின் திறந்து கூலண்ட் அளவைப் பாருங்கள். அடுத்து ஃபேன். வண்டியை நிறுத்தி ஐடிலில் விட்டு, அது எப்போது சுற்றத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். என் வண்டியில் ஃபேன் மோட்டாரின் வயர் முனையில் பச்சையாகக் களிம்பு பிடித்து, ஃபேன் சோம்பலாகச் சுற்றியது. தனுஷ்கோடியைத் தாண்டிக் கடல் நடுவே இருக்கும் அரிச்சல்முனை வரை போய் வந்தால், ஆறிய ரேடியேட்டரை நல்ல தண்ணீரால், அழுத்தம் குறைவாக, உள்பக்கமிருந்து வெளியே அலசிவிடுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம்.

படி 5: டைமிங், பிளக், பெட்ரோல்

மைலேஜ் கிடைக்கும் என்று டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, முன்னால் தள்ளி வைப்பது உண்டு. என் வண்டியிலும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் இப்போது இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு, டைமிங் லைட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதற்குள் இருக்கும் ரோட்டர் சுற்றும் திசையிலேயே டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் திருப்பினால் டைமிங் பின்னால் போகும், நாக்கிங் குறையும்.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். இளம்பழுப்பு என்றால் சரி. பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் சூடு அதிகம், அல்லது பெட்ரோல் குறைவான மெலிந்த கலவை. வெயிலில் வெடித்த ரப்பர் குழாய் வழியாகக் காற்று புகுந்தாலும் கலவை மெலியும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலின் ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறன்) அதிகம், அது நாக்கிங்கைத் தடுக்கவே செய்யும். ஆனால் எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) போட்ட கார்புரேட்டரில் கலவை மெலிந்துபோகும். ஜெட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

என் வண்டிக்கு ரேடியேட்டரை மாற்றி, வயர் முனையைச் சுத்தம் செய்து, டைமிங்கைச் சரியாக வைத்ததோடு தட்டல் நின்றது.

படி 6: கனமான தட்டலுக்கு மட்டும்

இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு பிளக்கின் வயரை மட்டும் கழற்றி, அதில் வேறொரு பிளக்கை மாட்டி, அதன் இரும்பு உடல் இன்ஜினில் நன்றாகத் தொடும்படி கட்டுங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் இதைச் செய்யாதீர்கள். ஸ்டார்ட் செய்து சில விநாடி கேட்டு, அணைத்துவிடுங்கள். ஓடும்போது வயரைத் தொட்டால் கடுமையாக ஷாக் அடிக்கும். இப்படி ஒவ்வொரு சிலிண்டராகச் செய்யும்போது, எதில் தட்டல் அடங்குகிறதோ அந்தச் சிலிண்டரின் பேரிங்தான் பெரும்பாலும் தேய்ந்திருக்கும்.

அப்படித் தெரிந்தால் வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். ஆயிலை வடிக்கும்போது வெள்ளைத் துணியில் வடிகட்டி, மினுங்கும் உலோகத் துகள் தங்குகிறதா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள். தங்கினால் அந்தத் துணியையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.